கள்ளுக்கடையை மூடியவரே விற்பனை வரியையும் கொண்டுவந்தார்: ஒரு சேலத்துக் கணக்கு

செவ்வாய்பேட்டை வியாபாரி

ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்போதெல்லாம் டெல்லியைத் திட்டுகிறோம். திட்டலாம், தப்பில்லை. ஆனால் எல்லாச் சரக்குக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் போட்டது டெல்லி அல்ல, சென்னை மாகாணம். வருஷம் 1939. போட்டவர் ராஜாஜி. நேரு காலத்துப் பொருளாதாரத்துக்கு 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்' என்று பெயர் வைத்து, 1959-ல் 80 வயதில் சுதந்திராக் கட்சி தொடங்கினாரே, அதே ராஜாஜிதான்.

காரணம் நம்மூரில் இருக்கிறது. 1937-ல் பிரதமர் ஆனதும் (அப்போது மாகாண முதலமைச்சருக்கு அதுதான் பட்டம்) மதுவிலக்கைச் சோதித்துப் பார்க்க அவர் முதலில் எடுத்துக்கொண்டது சேலம் ஜில்லாவை. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பழைய பெரிய ஜில்லா. அவர் வக்கீல் தொழில் பார்த்த ஊர், 1917 முதல் 1919 வரை நகரசபைத் தலைவராக இருந்த ஊர். அக்டோபர் 1-ம் தேதி கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடியாயிற்று. அப்புறம் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு.

அன்றைக்கு மாகாண கஜானாவின் பெரிய வரும்படிகளில் கலால், அதாவது மதுமேல் போட்ட வரி, ஒன்று. அதை நிறுத்தினால் அந்த ஓட்டையை எதையாவது வைத்து அடைத்தாக வேண்டும். அடைக்க வந்ததுதான் 1939 சட்டம். வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் வியாபாரம் நடந்தால் விற்றுமுதலில் அரை சதவீதம். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் அது லாபத்தின் மேல் வரி இல்லை, விற்றுமுதலின் மேல் வரி. ஒரே மூட்டை நாலு கை மாறினால் நாலு தடவையும் விழும்.

நான் ரசிக்கிற இடம் இனிமேல்தான். போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. கள்ளுக்கடைகள் திரும்பின. விற்பனை வரி நின்றதா? அது எதற்கு நிற்க வேண்டும்! 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971-ல் கலைஞர் நீக்கினார், சில வருஷத்தில் அவரே திரும்பக் கொண்டுவந்தார், 1983-ல் டாஸ்மாக், 2003-ல் சில்லறை விற்பனையே அரசின் ஏகபோகம். இவ்வளவு திருப்பத்திலும் விற்பனை வரிக்கு ஒரு நாள் விடுமுறை கிடையாது. விகிதம் மட்டும் ஏறியது.

நான் மரபை மதிக்கிற ஆள். குடி குடியைக் கெடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அரசு குடியைத் தடுத்தபோதும் பில் எங்கள் கடைக்கு வந்தது, அரசே கடை வைத்து விற்கும்போதும் வருகிறது.

---

ஆத்தூர் அக்கா

தம்பி, கணக்கு நன்றாகத்தான் போட்டிருக்கிறீர்கள். வீட்டுக் கணக்கை மட்டும் விட்டுவிட்டீர்கள். கூலியில் பாதி கடையிலேயே போய்விட்டால் மீதியில் அரிசி வாங்குவது யார்? அந்த அரை சதவீதத்தைக் கொடுத்தால் குடி ஒழியும் என்று யாராவது உத்தரவாதம் தரட்டும், நான் ஒன்றரையாகவே கொடுக்கிறேன்.

மரபை மதிப்பதாகச் சொல்கிறீர்கள். குடும்பத்தை விடப் பெரிய மரபு எது? ராஜாஜி சேலத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் வைத்து, கதரும் மதுவிலக்கும் பேசிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சுற்றியவர். குடித்துவிட்டு வருகிறவன் வீடு எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் சட்டம் போட்டார்.

---

செவ்வாய்பேட்டை வியாபாரி

அக்கா, அவர் நோக்கத்தை நான் ஒரு சொல்லும் குறைக்கவில்லை. 1952-ல் முதலமைச்சராகத் திரும்பி வந்தவர் ஜூன் மாதமே உணவு தானியக் கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்தார். அதுவரை ரேஷன், கொள்முதல், மூட்டையை நகர்த்தப் பெர்மிட். எடுத்தால் பஞ்சம் வரும் என்று பயமுறுத்தாத ஆள் இல்லை. எடுத்தார், பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது. லீ பஜாரில் எங்கள் தாத்தா தலைமுறை அவரைக் கும்பிட்டதற்குக் காரணம் அதுதான்.

எனக்குள்ள குழப்பமும் அதுதான். அரிசியை யார் யாருக்கு விற்கலாம் என்று அரசு சொல்லக்கூடாது என்றவர், கள்ளை யாரும் யாருக்கும் விற்கக்கூடாது என்றார். இரண்டும் ஒரே மனிதர். ஒன்றுக்கு ஆன செலவை இன்னொன்றின் வியாபாரி கட்டினான்.

அமெரிக்காவில் இதே கதை தலைகீழாக நடந்தது. அங்கே மத்திய அரசின் வருமானத்தில் ஒரு பெரிய பங்கு மதுமேல் போட்ட வரி. 1913-ல் வருமான வரிக்கு அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. வேறு வரும்படி கையில் வந்த பிறகுதான் 1920-ல் மதுவிலக்கு சாத்தியமானது. 1933-ல் அதை நீக்கியதற்கு ஒரு காரணம், பொருளாதார மந்தத்தில் வருமான வரி வசூல் படுத்துவிட்டது. மதுவிலக்கு போன பிறகு வருமான வரி போயிற்றா என்று கேட்காதீர்கள்.

---

கஞ்சமலையான்

ராஜாஜி புராணம் போதும் சார். 1953-ல் பள்ளியை அரை நாளாக்கி, மீதி அரை நாள் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றாரே, அதையும் எழுதுங்கள். அதனால்தான் 1954-ல் நாற்காலியை விட்டு இறங்கினார். 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் போட்டு, கொடுத்த கடனின் வட்டியைச் சட்டத்தால் வெட்டினாரே, அது எந்தச் சுதந்திரச் சந்தை? அந்தச் சட்டத்தை மட்டும் நான் நல்ல சட்டம் என்பேன், நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

நான் சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1967 ஜூலை 17-ல் அண்ணா 'எழுச்சி நாள்' நடத்திக் கேட்டது இந்த ஆலையை. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல். எந்தச் செட்டியாரும் எந்த முதலாளியும் கஞ்சமலைக்குக் கீழே வந்து ஆலை போடவில்லை. அரசு போட்டது. எங்கள் பிள்ளைகள் படித்தார்கள்.

---

கருங்கல்

கஞ்சமலை ஐயா, முதலாளி வந்தான். அந்த அடிக்கல்லுக்கு 140 வருஷம் முன்பே வந்தான். அந்தக் கதை இரண்டு பக்கத்தையும் உதைக்கும், கேளுங்கள்.

ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அதிகாரியாக இருந்தவர். கஞ்சமலைக் கல்லில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது இருப்பதும், இங்கே ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மண் உலைகளில் இரும்பு உருக்குவதும் அவருக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலத்துத் தாது கடற்கரைக்குப் போயிற்று. கம்பெனி அவருக்குக் கடனும் கொடுத்தது, ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையும் கொடுத்தது. ஆலை நிமிரவே இல்லை. விறகுக்கரி, போக்குவரத்து, கடன் மூன்றும் சேர்ந்து அழுத்தின. கம்பெனியின் பணமும் அதோடு போனது.

அந்தத் தோல்விக்கு முன்னாலேயே இங்குள்ள கொல்லர்கள் ஒரு பைசா மானியம் இல்லாமல் உருக்கு செய்துகொண்டிருந்தார்கள். செய்முறையை எழுதி வைத்ததும் இதே ஹீத்தான். இரும்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஆவாரங்கட்டையோடு மண் மூசையில் (உருக்குகிற சின்னப் பாத்திரம்) போட்டு, மேலே எருக்க இலையை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதிச் சில மணி நேரம் காய்ச்சுவது. கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறி உருக்காகிறது. காற்று புகாது என்பதால் ஏறிய கரி எரிந்துபோவதும் இல்லை. தென்னிந்தியாவில் பல இடங்களில் செய்த இந்த உருக்கைத்தான் உலகம் 'ஊட்ஸ்' என்றது. மைக்கேல் ஃபாரடே மின்சாரத்துக்குப் பேர்போவதற்கு முன்னால், 1819 முதல் சில வருஷம் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். கொல்லன் மகன், விடுவாரா? இந்த உருக்கில் செய்த வாளில் ஓடுகிற அலைக்கோலம் எதனால் என்று அவருக்குப் பிடிபடவில்லை. தாதுவிலேயே இருக்கும் வனேடியம் மாதிரியான தனிமங்களின் சுவடு அதற்குக் காரணம் என்று 1990-களில் வெர்ஹோவன் என்பவர் செய்து காட்டினார்.

ஹீத் அப்புறம் என்ன ஆனார் என்றால், இங்கிலாந்து போய் 1839-ல் மாங்கனீஸும் கரியும் கூடிய ஒரு பொருளை உருக்கில் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் உருக்கு விலை சரிந்தது. அன்வின் என்பவர் அந்தப் பொருளாகப் போடாமல் மாங்கனீஸையும் கரியையும் தனித்தனியாக மூசையில் போட்டால் காப்புரிமை பொருந்தாது என்று வாதாடினார். வழக்கு முடிவதற்குள் ஹீத் செத்துப்போனார். 1855-ல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்பளித்தது. இங்கே தனியுரிமையால் வாழப் பார்த்தவர், அங்கே தனியுரிமை காப்பாற்றாமல் போனவர்.

---

செவ்வாய்பேட்டை வியாபாரி

இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன். ஹீத் முதலாளி இல்லை. கலெக்டர் ஆபீஸ் தயவில் கடன் வாங்கிய முன்னாள் அதிகாரி. சந்தையில் நின்று பிழைத்தவர்கள் ஆவாரங்கட்டை வைத்திருந்த கொல்லர்கள்.

உருக்காலைக்கும் வருகிறேன் கஞ்சமலை ஐயா. மனசு நோகாமல் கேளுங்கள். ஆலை கேட்டது கஞ்சமலைத் தாதுவுக்காக, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை வைத்து. கடைசியில் 1982 வாக்கில் ஓடத் தொடங்கியபோது வெளியிலிருந்து உருக்குச் சுருள் வாங்கி, குளிர்முறையில் உருட்டித் துருப்பிடிக்காத தகடாக்குகிற ஆலை. சொந்தமாக உருக்குகிற உலை வந்தது 2010-ல். அடிக்கல்லுக்கும் உலைக்கும் நடுவில் 40 வருஷம். மலை மட்டும் அப்படியே நிற்கிறது.

---

கஞ்சமலையான்

மலை நிற்பது நல்லதுதான். சித்தர் கோயிலுக்கு அமாவாசைக் கூட்டம் எங்கே போவது?

அந்தத் தகட்டைக் குறைவாகப் பேசாதீர்கள். உங்கள் கல்லாப்பெட்டியில் கிடக்கிற சில்லறைக்கு வில்லை வெட்டிக் கொடுத்ததும் இதே ஆலைதான். தாது ஏன் எடுக்கவில்லை என்பதைக் கருங்கல் தம்பி சொல்லட்டும், அது அரசியல் இல்லை.

---

கருங்கல்

கஞ்சமலைக் கல் மேக்னடைட்டும் குவார்ட்சும் வரிவரியாகப் படிந்தது. இரும்பு 35 சதவீதம் பக்கம்தான். மண் உலைக்காரன் இடித்துக் கழுவி நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வான், அவனுக்குக் கூடைக்கணக்கு போதும். லட்சக்கணக்கான டன் வேண்டுமென்றால் அரைத்துக் காந்தத்தால் பிரித்து உருண்டையாக்க வேண்டும். 60 சதவீதத்துக்கு மேல் இரும்புள்ள தாது கர்நாடகத்திலும் ஒடிசாவிலும் சும்மா தோண்டினாலே கிடைக்கும்போது இது கட்டுபடியாகாது. இதில் தனியார், அரசு என்ற பேதம் இல்லை.

கல் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வெட்டுப்பட்டு நிற்கிற கரும்பச்சைக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக உடைத்தால் எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். அது சார்னோகைட். சேர்வராயன் மலையே பெரும்பாலும் அந்தக் கல்தான், வயது சுமார் 250 கோடி வருஷம். நிலத்துக்கு அடியில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், தண்ணீர் மிகக் குறைந்த சூழலில் வெந்த கல். அந்தக் கல்லின் மேல்தான் பாக்சைட் என்ற அலுமினியத் தாது தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, மேட்டூர் அலுமினிய ஆலை தின்றது அதைத்தான்.

பெயர் வந்த கதைதான் வேடிக்கை. கல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்ற கம்பெனி ஏஜெண்டின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் கிடக்கும் பலகை சென்னைப் பல்லாவரம் பக்கத்துக் கல். 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதைப் பார்த்து, அந்த மனிதர் பெயரையே கல்லுக்கு வைத்தார். 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: சார்னோக் அந்த நகரத்தை நிறுவியவர் அல்ல, பாடப்புத்தகத்தில் இருந்து எடுங்கள். நகரம் போயிற்று. நம் மலை மட்டும் இன்னும் அவர் பெயரில் இருக்கிறது.

---

செவ்வாய்பேட்டை வியாபாரி

ஒரு ஊரை யார் நிறுவினார்கள் என்று நீதிமன்றம் தீர்மானிப்பதே எனக்கு விசித்திரமாக இருக்கிறது. 1916-ல் இதே சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கம் வைத்தார்கள். அரசாணையும் இல்லை, துறையும் இல்லை, கைக்காசு. அப்படி நடந்தால் எனக்கு ஆட்சேபணையே கிடையாது.

---

ஏற்காட்டு மிளகுக்கொடி

ஏற்காடு என்று சொல்லிவிட்டுக் காப்பியைப் பேசாமல் கல்லைப் பேசினால் எப்படி? கலெக்டர் காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்து நட்ட செடி, 200 வருஷமாக எங்களுக்குச் சோறு போடுகிறது. அதில் 50 வருஷத்துக்கு மேல் எங்கள் காப்பியை நாங்களே விற்கக்கூடாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1940-ல் போரால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. விலை சரிந்தது. அரசு 'பூல்' வைத்தது. 1942 சட்டப்படி விளைந்த காப்பி முழுவதையும் காப்பி போர்டிடம் ஒப்படைக்க வேண்டும். விதைக்கும் வீட்டுச் செலவுக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். போர்டு தரம் பிரித்து, எல்லாருடையதையும் கலந்து, ஏலம் விட்டு, பணத்தைத் தவணை தவணையாகத் தரும். இந்த வருஷக் காய்க்கு அடுத்த வருஷமும் பணம் வரும். நல்ல பழமாகப் பார்த்துப் பறித்தவனுக்கும் பச்சைக்காயை உருவிப் போட்டவனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அப்புறம் எவன் மெனக்கெடுவான்?

போர் 1945-ல் முடிந்தது. பூல் முடிய 1990-கள் ஆயிற்று. 1992-ல் ஒரு பங்கை உள்நாட்டில் நாங்களே விற்கலாம் என்றார்கள், அங்கிருந்து படிப்படியாக 1996-ல் முழு விடுதலை. இன்று என் எஸ்டேட் பெயரைப் பையில் அச்சடித்து விற்கிறேன். 1985-ல் அதே காரியத்துக்கு என் அப்பா மேல் வழக்கு வந்திருக்கும்.

---

கஞ்சமலையான்

விடுதலை வாங்கினீர்கள், 2001-ல் உலகவிலை பாதாளத்துக்குப் போனபோது எங்கே இருந்தீர்கள்? அரசிடம் கடன் தள்ளுபடி கேட்டு வரிசையில் நின்றது யார்?

---

ஏற்காட்டு மிளகுக்கொடி

நின்றோம் ஐயா, மறைக்க என்ன இருக்கிறது. அந்த விலைக்குப் பறிக்கூலி கூடத் தேறவில்லை. பழத்தை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. எங்களைக் காப்பாற்றியது போர்டு இல்லை, நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகு. அதுவும் எல்லாரையும் இல்லை, பல சின்னத் தோட்டங்கள் கைமாறி ரிசார்ட் ஆகிவிட்டன. பூல் இருந்திருந்தால் அந்த விலையில் காப்பாற்றியிருக்குமா என்றால், பூல் ஏலம் விடுவதும் அதே சந்தையில்தானே.

---

குழித்தறி

எல்லாரும் பெரிய பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக் கதை இது. அப்பாவுக்குக் கைத்தறி, எனக்கும் கைத்தறி. தம்பி விசைத்தறி போட்டான். 1985-ல் மத்திய அரசு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டது: இந்த இந்த ரகத்தைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும். முதலில் 22 ரகம், 1996-ல் 11 ஆகக் குறைந்தது. உச்ச நீதிமன்றமும் 1993-ல் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, கரை வைத்த சேலையை நான் நெய்தால் தொழில், பக்கத்து அறையில் தம்பி நெய்தால் குற்றம்.

வியாபாரி அண்ணா இதை எடுக்கச் சொல்வார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சட்டம் இல்லையென்றால் அப்பா 10 வருஷம் முன்பே தறியை விறகாக்கியிருப்பார். ஆனால் சட்டம் இருந்தும் கடைவீதியில் விசைத்தறிச் சேலைதான் கைத்தறி என்ற பெயரில் தொங்குகிறது. சோதனைக்கு வருகிறவர் யாரைப் பிடிப்பார், யாரை விடுவார் என்பது வேறு கதை, வேண்டாம்.

---

செவ்வாய்பேட்டை வியாபாரி

எடுக்கச் சொல்வேன் தம்பி. வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு மாதிரி, கைத்தறிக்கு நம்பகமான முத்திரை கொடுக்கட்டும், வாங்குகிறவன் தெரிந்து வாங்கட்டும். உங்கள் தம்பி கையைக் கட்டுவதால் உங்கள் அப்பா சேலைக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வந்ததா?

---

குழித்தறி

வந்ததா இல்லையா என்று தெரிய, சட்டம் இல்லாத ஒரு சேலம் வேண்டும் அண்ணா. அது எங்கே கிடைக்கும்?

---

ஆத்தூர் அக்கா

நான் மதுவிலக்கை விடவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பாக்கெட் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் போனார்கள். கல்வராயன் மலைக்கு இந்தப் பக்கம்தான் நாங்கள் இருக்கிறோம். உங்கள் சுதந்திரச் சந்தையில் அதற்கு என்ன பதில்?

---

செவ்வாய்பேட்டை வியாபாரி

அக்கா, அன்றைக்கு டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. அரசுச் சரக்கின் விலையில் பெரும்பகுதி வரி. கூலிக்காரனுக்கு அது எட்டாதபோது பாக்கெட்டுக்குப் போகிறான். அந்த வரி இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியே, மாநிலத்தின் தனிக் கையில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கள்ளுக்கு மட்டும் இன்றுவரை தடை. இறக்குபவன் நம் ஊர் விவசாயி, அதனால் தடை. பாட்டிலில் அடைத்தால் சரி.

---

கருங்கல்

அறிவியல் பக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாக்கெட்டில் கொன்றது மெத்தனால். மெத்தனால் அப்படியே பெரிய விஷம் இல்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, அப்புறம் அது ஃபார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தின்கிறது. சாதாரண மதுவில் இருக்கும் எத்தனாலுக்கும் வேலை செய்வது அதே நொதிதான், அதுவும் எத்தனாலை முதலில் பிடிக்கும். அதனால் ஃபோமெபிசோல் என்ற முறிவு மருந்து கிடைக்காத ஆஸ்பத்திரியில் சுத்தமான எத்தனாலையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். அமெரிக்க மதுவிலக்கின்போது, 1926 கடைசியில், தொழிற்சாலை ஆல்கஹாலில் மெத்தனாலைக் கூட்டிக் கலக்க அரசே உத்தரவு போட்டது, திருடிக் குடிக்கக்கூடாது என்று. குடித்தார்கள், செத்தார்கள்.

---

ஆத்தூர் அக்கா

அரசே விஷம் கலந்ததா! அதை நான் ஆதரிக்கவில்லை. கடையை மூடு என்கிறேன், ஆளைக் கொல் என்று சொல்லவில்லை.

வியாபாரி தம்பிக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்று சொல்லிப் போகிறேன். எங்கள் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் வந்ததே போரால்தான். மலேயா ஜவ்வரிசி நின்றுபோனதும் 1943 வாக்கில் சேலம் மாணிக்கம் செட்டியார் குச்சிக்கிழங்கிலிருந்து செய்து பார்த்தார், பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷமே உணவுப் பஞ்சம் என்று, கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கக்கூடாது, கிழங்கு ஜில்லாவைத் தாண்டக்கூடாது என்று கலெக்டர் தடை. ஆலைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து சென்னைக்குப் போய்த் தடையை நீக்கி வந்தார்கள். 1981-ல் அவர்களே சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவு. அதையாவது நல்லது என்பீர்களா?

---

செவ்வாய்பேட்டை வியாபாரி

தானாகச் சேர்ந்தால் நல்லது அக்கா. கிழங்குக்காரரையும் கேட்டுப் பாருங்கள், கிழங்கில் எவ்வளவு மாவு என்று ஆலையில் போடுகிற பாயிண்ட் கணக்கை அவர் என்ன சொல்கிறார் என்று.

---

ஆத்தூர் அக்கா

கேட்கவே வேண்டாம், என் வீட்டுக்காரரே கிழங்குக்காரர்தான். 28 பாயிண்ட் வரும் என்று ஏற்றிவிட்டு 24-க்குப் பணம் வாங்கி வருவார். மெஷின் அவர்களுடையது.

---

குழித்தறி

அக்கா, அண்ணா, தம்பி இப்போது பாலியெஸ்டர் ரகத்துக்கு மாறிவிட்டான். அதற்கு ஒதுக்கீடு கிடையாது. என்னை விட நாலு மடங்கு சம்பாதிக்கிறான். பொங்கலுக்கு அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்த வேட்டி மட்டும் என் தறியில் நெய்தது, காசு கொடுத்துத்தான் வாங்கினான்.